கன்சோலில் தடவிய மஞ்சள்

கன்சோலுக்குக் கலர் அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் திருந்திவிட்டதாக நினைத்து யாரும் மாலையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எஃப் பன்னிரண்டு என்ற பொத்தானை அழுத்தினால், பக்கத்துக்குப் பின்னால் ஒரு கொல்லைப்புறம் திறக்கும். அதுதான் கன்சோல். பக்கத்தைக் கட்டுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சீட்டு எழுதிப் போட்டுக்கொள்ளும் இடம். இதுவரை ஓடியது, இங்கே நின்றுபோனது, இந்த எண் தப்பாக வருகிறது என்றெல்லாம் எழுதிக்கொள்வோம். அந்தச் சீட்டுக்கு லாக் என்று பெயர். வெளியார் யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் புரியாது.

அந்தச் சீட்டின் முன்னால் ஒரு சதவீதக் குறியும் சி என்ற எழுத்தும் போட்டு, பின்னால் ஒரு நிறத்தைச் சொன்னால், எழுத்து அந்த நிறத்தில் வரும். பின்னணிக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். ஓரம் கட்டலாம். நிழல்கூட விழவைக்கலாம். யாருமே வராத கொல்லைக்கு ரங்கோலி போடுகிற வேலை இது. இதை ஒரு கலை என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்து வானவில் வரவழைக்கிறவர்களை எனக்குத் தெரியும். சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவன் ஒவ்வொரு லாக்கிலும் ராக்கெட் படம் வைப்பான். அவன் கட்டிய பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்து முடித்துவிடலாம்.

என்னுடைய லாக்குகள் பதினான்கு வருடமாக ஒரே மாதிரிதான். 'இங்கே'. 'இங்கே2'. 'இங்கே3'. ரொம்பக் கோபம் வந்தால் 'ஐயோ'. நிறம் கிடையாது. திரை மட்டும் கருப்பு. டார்க் தீம் என்பார்கள். கண்ணுக்கு நல்லது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். உண்மையில், கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் பெரிய வேலைக்காரி போலத் தோன்றும். அதுதான் காரணம்.

சென்னையை விட்டு ஊருக்குத் திரும்பியதும் எனக்குக் கிடைத்த வேலை, உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பூச்சிமருந்துக் கடைக்கு மேலே இருந்த ஓர் அலுவலகத்தில். முதலாளி சென்னைவாசி. சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று போகிற இடத்திலெல்லாம் பேசுவார். செய்தது என்னவென்றால், நான்கு மேசை, ஒரு இன்வெர்ட்டர், சுவரில் தன் படம். நான்கு மேசைக்கு ஆட்கள் இரண்டு பேர்தான். ஒன்று நான். இன்னொன்று, நான் சேர்ந்து ஒரு வருடம் கழித்து வந்த அவள்.

அவளுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். சாலவாக்கம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கடைத்தெருவில் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து பத்திரிகையும் ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி. மாலையில் காஞ்சிபுரத்துக்குப் போய் ஒரு கோர்ஸ் படித்து, மீதியை ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

"செத்தவங்க போட்டோவுக்கு கோட்டு சூட்டு மாட்டி மாட்டியே எனக்கு வயசாயிட்ச்சி மேடம். இன்னா பண்றது? உயிரோட கீறவங்களுக்கு எதுனா பண்ணலாம்னுதான் இங்க வந்தேன்" என்று முதல் நாளே சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பி.இ. படித்தவள். கோயில் தெருக்காரி. அப்பா வாத்தியார், தாத்தா வாத்தியார். ஃப்ளெக்ஸ் அடித்தவளைப் பக்கத்து மேசையில் உட்காரவைத்துவிட்டாரே முதலாளி என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. பிறகு வந்த ஏளனத்தில் எவ்வளவு அவள் கன்சோலுக்கு அடித்த கலருக்கு, எவ்வளவு அவளுக்கு என்று பிரித்துப் பார்க்க நான் அப்போது தயாராக இல்லை. இப்போதும் அந்தக் கணக்கைப் போட்டால் எனக்குச் சாதகமாக வராது.

அவளுக்கு ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடியும்போது நான் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். தொடரலாமா, வேண்டாமா என்பது அந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது. அவள் எழுந்துவந்த டிடிபி கடை நாற்காலியில் அடுத்த வாரமே வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை.

எங்களுக்கு அப்போது வந்திருந்த வேலை, மண்டப முன்பதிவு. செங்கல்பட்டு சாலையில் இரண்டு கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒருவருக்கு. வீட்டிலிருந்தே ஃபோனில் தேதியைப் பார்த்து மண்டபத்தைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு பக்கம். தேதியைத் தேர்வு செய்து, சர்வருக்கு, அதாவது பதிவேட்டை வைத்திருக்கும் தூரத்துக் கம்ப்யூட்டருக்கு, அனுப்புகிற பகுதி அவளுடையது. கடைசியில் வருகிற நன்றிப் பக்கம் என்னுடையது. 'நன்றி! தங்கள் மண்டபம் பதிவு செய்யப்பட்டது' என்று எழுதி, கை கூப்பி நிற்கிற ஒரு பொம்மையையும் வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்தேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவள் எழுதியதை முதல்முறை என் கம்ப்யூட்டரில் இறக்கி ஓட்டிய அன்று நெஞ்சு திக்கென்றது. கன்சோலில் பட்டையாக மஞ்சள். அதன்மேல் குங்கும நிறத்தில் எழுத்து. எங்கள் தொழிலில் மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் பிழை. பிரவுசரே அப்படித்தான் காட்டும். இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறதே, எல்லாம் போய்விட்டதே என்று எழுத்தைப் படிக்காமலே முக்கால் மணி நேரம் பிழையைத் தேடினேன். பிறகு படித்தேன். 'பதிவு நல்லபடியாக முடிந்தது' என்று இருந்தது.

"ஏம்மா, இது என்ன?"

"நல்ல சேதி மேடம். புக்கிங் ஆயிட்ச்சின்னா வரும்."

"நல்ல சேதியை எதுக்கு மஞ்சளும் செவப்புமா போட்டிருக்கே?"

நான் கேட்டதே அவளுக்குப் புரியவில்லை. "நல்ல சேதிய வேற இன்னா கலர்ல போடுவாங்க? கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள்தானே தடவறோம். குங்குமம்தானே வெக்கிறோம். பச்சையா தடவறோம்?"

"இங்க பச்சைதான் நல்லது. மஞ்சள்னா வார்னிங். செவப்புன்னா தப்பு."

"யாரு சொன்னது?"

"உலகமே சொல்லுது."

"அது சிக்னல்ல நிக்கிறவங்க சொல்றது மேடம். நம்மூர்ல சிக்னலே கெடயாதே."

"இது கன்சோலா, காதுகுத்து பேனரா?" என்று கேட்டேன். குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன். அவள் அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்ட சேதிக்கு என்ன நிறம் வைத்திருக்கிறாய் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவளிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் "மேடம், ஒரு நிமிஷம்" என்பாள். பஸ் ஹாரன் ஒரு பக்கம், கீழேயிருந்து வருகிற மருந்து நெடி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "இனிமே வாயால எதையும் சொல்லாதே. எதுவா இருந்தாலும் லாக்ல போடு. நான் பார்த்துக்கறேன். அப்புறம், நான் எழுதின ஃபைல் எதையும் தொடாதே" என்றேன்.

"லாக் இங்கிலீஷ்ல போடவா, தமிழ்ல போடவா மேடம்?"

"எதுல வேணா போடு. என் பிராணனை வாங்காதே."

அதிலிருந்து அவள் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டாள். அலுவலகம் அமைதியாகிவிட்டது. நிர்வாகம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதித்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. எத்தனை முறை சோதித்தாலும் ஒரே பெயர், ஒரே தேதி. பெயர்க் கட்டத்தில் 'அஅஅ'. தேதி, ஆவணியின் முதல் முகூர்த்தம். தட்டினால் என் பொம்மை வந்து கை கூப்பும். சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது 'அஅஅ'வுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

அந்த நாட்களில்தான் கன்சோலில் அந்த இடைவெளிகளைக் கவனித்தேன். என் 'இங்கே'வுக்கும் 'இங்கே2'வுக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வெறுமை. வலது ஓரத்தில் அவளுடைய ஃபைல் பெயரும் வரி எண்ணும் தெளிவாக இருக்கும். இடது பக்கம் ஒன்றுமே இருக்காது. மஞ்சள் பட்டை எப்போதோ ஒருதரம்தான் வந்தது. அதன் பிறகு இந்த வெறுமைதான், ஒவ்வொரு தடவையும். கலர் அடித்தது போதாதென்று இப்போது ஒன்றுமில்லாததையும் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டாளா என்று நினைத்தேன். ஃப்ளெக்ஸில் வார்த்தைக்கு நடுவே இடம் விட்டு விட்டுப் பழகிய கை என்று நினைத்தேன். அவளிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக நான் அதைக் கவனிக்கவில்லை. ரிப்போர்ட்டில் எழுதுவதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் அவளே பேசினாள். நான் போட்ட தடையை மறந்து, தயங்கித் தயங்கி.

"மேடம், கருப்பா வந்துக்கினே கீதே, பாத்தீங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஏரிப் பக்கம் மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. "பார்த்தேன், பார்த்தேன். குடை இருக்கு" என்றேன்.

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் நல்ல மழை. நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் ஊர்க் கோயில் சுவரில், ஊர்ச்சபைத் தேர்தலுக்கு நிற்க யாருக்குத் தகுதி, யாருக்குத் தகுதி இல்லை என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே வெட்டிவைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ் வைத்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதை வெட்டியவன்கூட இவ்வளவு உற்சாகமாக வெட்டியிருக்க மாட்டான். 'தொடரலாமா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'வேலையில் கவனம் போதாது. கன்சோலில் அலங்காரம் செய்வதில் நேரத்தை வீணாக்குகிறார். பல இடங்களில் வெற்று வரிகளை அச்சிட்டு வைத்திருக்கிறார்.' வெற்று வரிகள் என்ற சொல் எனக்கே பிடித்திருந்தது. இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

முதலாளி எந்த மெயிலிலும் முதல் வரிக்குக் கீழே இறங்க மாட்டார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'ஓகேம்மா. மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம். நீங்களே சொல்லிடுங்க.' திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மண்டபக்காரர் எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து ஃபோன்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீறீங்க? பெரிய பேஜாரா பூட்ச்சி இங்க. ஒரு பெரியவரு சமையல்காரரக் கூட்டிக்கினு வந்து, அடுப்பு எங்க வெக்கலாம்னு அளந்துக்கினு நிக்கிறாரு. அந்தத் தேதிய ஏற்கெனவே வேற வூட்டுக்காரங்க புடிச்சிட்டாங்க. கேட்டா ஃபோன நீட்டறாரு. அதுல உங்க பொம்ம கையக் கூப்பிக்கினு நிக்கிது. நன்றியாம்! இன்னாத்துக்கு நன்றி?"

"சார், நான் பார்க்கறேன் சார்."

"பத்திரிக அடிக்கலயாம், அந்த மட்டும் பொழச்சேன். இன்னொரு மண்டபத்த குடுத்து அனுப்பறேன். ஆனா அந்த மனுசன் மூஞ்சிய நான்தானே பாக்கணும்?"

ஃபோனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், நாற்காலியை அவள் பக்கம் திருப்பியது. என் ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? ஒரே தேதி ரெண்டு குடும்பத்துக்குப் போயிருக்கு."

அவள் பதறவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. "போவல மேடம். ரெண்டாவது ஆளுக்குப் பதிவே ஆவல. சர்வர் மாட்டேன்னுட்ச்சி. ஆனா உங்க நன்றி பேஜு மட்டும் வந்துடுது. அதான் ஒரு வாரமா கருப்புல வந்துக்கினே கீதே. நீங்கதான் பாத்தேன்னீங்களே."

"நான் எப்போ பார்த்தேன்னு சொன்னேன்?"

"அன்னிக்கி. குடை கீதுன்னீங்க. மேடம் எதுனா ஏற்பாடு வெச்சிருப்பாங்கன்னு நெனச்சிட்டேன்."

நாற்காலியை என் திரைப் பக்கம் திருப்பினேன். "எங்கே வருது? காட்டு."

அவள் எழுந்து என் மேசைக்கு வந்தாள். நான் வழக்கம்போல 'அஅஅ' என்று போட்டேன். ஆவணி முதல் முகூர்த்தத்தைத் தட்டினேன். பொம்மை கை கூப்பியது. கன்சோலில் 'இங்கே', 'இங்கே2', நடுவில் அந்த வெறுமை.

"தோ" என்று அந்த வெறுமையைத் தொட்டுக் காட்டினாள்.

"அது வெறும் லைன்."

அவள் குனிந்து, மூக்கு திரையில் படும் அளவுக்குப் பார்த்தாள். "அய்ய, உங்க கன்சோல் செவுரே கருப்பா மேடம்? நான் உங்க எடத்துல வந்து ஒருநாளும் பாத்ததில்லியே" என்றாள். பிறகு என் மௌஸை எடுத்து, அந்த வெறுமையின் மேல் இழுத்தாள். எழுத்தைத் தேர்வு செய்தால் பின்னால் நீலம் படருமே, அந்த நீலம் படர்ந்தது. அதற்குள்ளிருந்து எழுத்துகள் எழுந்து வந்தன. கெட்டியாகக் கருப்பு ஓரம் கட்டிய ஒரு பெட்டி. அதற்குள் கருப்பு எழுத்தில்:

'பதிவு ஆகவில்லை. இந்தத் தேதி வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் நன்றி பக்கம் வருகிறது. மேடம், அது உங்கள் ஃபைல். நான் தொடவில்லை.'

மேலே இழுத்தாள். இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. அந்தக் காலையில் நான் பதிவு செய்த அத்தனைக்கும் ஒன்று. 'அஅஅ'வுக்கு முதல் தடவை ஒன்றுதான் உண்மையான கல்யாணம். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மறுக்கப்பட்ட பதிவு. ஒவ்வொன்றுக்கும் என் பொம்மை கை கூப்பி நன்றி சொல்லியிருக்கிறது. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

"எதுக்கு இதைக் கருப்புல போட்டே?" என்றேன். குரல் இறங்கித்தான் வந்தது.

"கெட்ட சேதி மேடம். கருமாதிப் பத்திரிக கருப்பு ஓரம் கட்டித்தானே அடிப்போம். பன்னெண்டு வருசம் அப்படித்தான் அடிச்சேன். தூரத்துல பாத்தாலே தெரிஞ்சிடணும்னு."

அவள் திரை வெள்ளை. வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே. அதில் அந்தப் பெட்டி பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். கருமாதிப் பத்திரிகையை எங்கள் பக்கம் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்துவிட்டு, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஆனால் படிப்பார்கள். படிக்காமல் கிழிக்கிற மூடர்கள் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு மட்டும்தான்.

கன்சோலை மூடப்போனவள் கை தவறி அந்தப் பக்கத்தையே திரையின் கீழே இறக்கிவிட்டாள். பின்னால் என் மெயில் திறந்திருந்தது. முதலாளியின் பதிலும், அதற்குக் கீழே என் ரிப்போர்ட்டும். மேலே அவளுடைய பெயர். மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவள் படித்துவிட்டாள். முழுவதும் படித்தாள். முதலாளி மாதிரி முதல் வரியோடு நிற்கவில்லை.

"வெத்து வரி இல்ல மேடம்" என்றாள். "சாவு சேதி. சாவு சேதிய யாரும் மஞ்சள்ல அடிக்க மாட்டாங்க."

அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். அழவில்லை. மௌஸை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். சற்றுப் பொறுத்து, என்னைப் பார்க்காமலே, "அந்தக் கடையில என் சீட்ல வேற பொண்ணு ஒக்காந்துக்கினு கீது" என்றாள். அது எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்தே எழுதினாயா என்று அடுத்த கேள்வி வருமே என்று மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் ஃபைலைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சர்வர் சரி என்று சொன்னால் மட்டும் நன்றி சொல், இல்லையென்றால் வேறு தேதி பார்க்கச் சொல். மூன்றே வரி. கடைசியில் நானே சோதித்தேன், வேறு வேறு தேதிகளில்.

பிறகு முதலாளிக்கு இரண்டாவது மெயில் எழுத உட்கார்ந்தேன். அதுதான் அரை நாளைத் தின்றது. முதலில் 'தொழில்நுட்பக் காரணங்களால் சில தகவல்கள் கவனிக்கப்படாமல் போயின' என்று எழுதினேன். கவனிக்காதவள் யார் என்பதைச் சாமர்த்தியமாக விழுங்கிய வாக்கியம். அடித்தேன். 'இருவருக்கும் இடையே ஏற்பட்ட தகவல் இடைவெளி' என்று எழுதினேன். அதில் அவளுக்கும் பாதிப் பங்கு கொடுத்திருந்தேன். தாராள மனசு! அதையும் அடித்தேன். கடைசியில் 'முந்தைய ரிப்போர்ட்டில் ஒரு சிறு திருத்தம்' என்று ஆரம்பித்து, நடந்ததை நான்கு பத்தியில் எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. கட்டைவிரல் படம் ஒன்று. அதன் கீழே, 'ஓகேம்மா. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?'

முதல் வரியைப் படித்திருக்கிறார். சிறு திருத்தம் என்று இருந்தது, விட்டுவிட்டார். ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், மீட்டிங்கில் இருப்பதாகத் தானாக ஒரு சேதி வந்தது. பக்கத்து மேசையில் அவள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் விட்டு விட்டுத்தான் வந்தது.

மூன்றாவது மெயில் எழுதினேன். ஒரே வரி. 'தவறு என்னுடையது. அவர் தொடர வேண்டும்.' எழுத்தைப் பெரிதாக்கினேன். தடிமனாக்கினேன். அப்படியும் அந்த மனிதரின் கண்ணில் படுமா என்று சந்தேகமாக இருந்தது. பதினான்கு வருடம் 'இங்கே', 'இங்கே2' என்று வாழ்ந்த நான், மெயிலின் மேலே இருந்த, நிறம் கொடுக்கிற சின்னப் பெட்டியைத் திறந்தேன். எழுத்துக்குச் சிவப்பைக் கொடுத்தேன். பின்னணியில் மஞ்சளைத் தடவினேன். அனுப்பினேன்.

இரண்டே நிமிடத்தில் ஃபோன். "என்னம்மா ஆச்சு? செவப்பு செவப்பா அனுப்பியிருக்கீங்க? எதுனா பெரிய ப்ராப்ளமா?"

பத்து வாக்கியத்தில் சொன்னேன். இந்தத் தடவை எந்த வாக்கியத்தையும் விழுங்கவில்லை. கருப்புத் திரையைச் சொன்னேன், குடையைச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு, "சரி, அவங்க இருக்கட்டும். நீங்களும் கொஞ்சம் பாத்து செய்ங்கம்மா" என்றார். அந்த 'நீங்களும்' எனக்கு வேண்டியதுதான்.

ஃபோனை வைத்தபோது அவள் என் பின்னால் நின்றிருந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம், பையைத் தோளில் மாட்டியிருந்தாள். திரையில் அந்த ஒற்றை வரி இன்னும் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"இது நல்ல சேதியா, கெட்ட சேதியா மேடம்?" என்றாள்.

"உனக்கு நல்ல சேதி."

"உங்களுக்கு?"

நான் மெயிலை மூட மௌஸை எடுத்தேன்.

"அப்ப ஓரத்துக்குக் கருப்பு கட்டியிருக்கணும்" என்றாள். "அப்புறம், மஞ்ச மேல இந்தச் சேப்பு கண்ண அடிக்கிது. மெரூன் போட்டிருக்கணும்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவள் இப்போதும் அடுத்த மேசையில்தான் இருக்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கன்சோலுக்குக் கலர் அடிப்பவர்களை எனக்கு இன்னும் பிடிக்காது. அதில் இந்த வேலைக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை என்று யார் சொன்னாலும் தலையாட்டுவேன். என் திரையும் கருப்புதான், மாற்றவில்லை. அவள்தான் தன் லாக்கை மாற்றினாள். கெட்ட சேதிக்குப் பின்னால் வெள்ளை அடித்து, அதன் மேல் கருப்பில் எழுதி, ஓரம் கட்டியிருக்கிறாள். இப்போது என் இருட்டிலும் அது தூரத்திலிருந்தே தெரிகிறது. வாரத்துக்கு நான்கைந்து வரும். பெரும்பாலும் என் ஃபைலிலிருந்துதான்.